வயிறு தள்ளிய பலகை

கடைசி அங்குலமும் அறுபட்டு முடிந்ததும் மெஷினை நிறுத்திவிட்டு, இரண்டு பாதிகளையும் புத்தகம் போலப் பிரித்து மேசை மேல் வைத்தேன். ஒன்றுக்கு வயிறு தள்ளியிருந்தது. இன்னொன்று கூரை ஓடு மாதிரி குழிந்திருந்தது.

25 மி.மீ. கனமுள்ள பலாப் பலகை. பிளேடு தின்றது போக ஒவ்வொரு பாதியும் 12 மி.மீ.க்கு ஒரு மயிரிழை குறைவாக வந்திருக்க வேண்டும். வெர்னியரை வைத்துப் பார்த்தேன். மேல் ஓரத்தில் 12, கீழ் ஓரத்தில் 12. நடுவில் மட்டும் ஒன்றில் 17, மற்றதில் 7. அறுக்கும்போது எதுவும் தெரியவில்லை. மேலே போட்டிருந்த பென்சில் கோட்டைப் பிளேடு ஒழுங்காகப் பிடித்துக்கொண்டுதான் போனது. மரத்துக்கு உள்ளே, என் கண்ணுக்கு எட்டாத இடத்தில், வில்லாக வளைந்திருக்கிறது.

கோபம் வந்ததற்குக் காரணம் உண்டு. ஆனைமலைப் பக்கம் பெரியப்பா தோட்டத்தில் நின்ற பலா மரம் அது. ஒரு காற்று மழையில் சாய்ந்தது. மில்லில் கொடுத்து அறுத்து, இரண்டு வருடம் பரணில் காய வைத்ததில் ஐந்தரை அங்குல அகலத்தில் வெடிப்பில்லாமல் தேறியவை மூன்றே பலகைகள். அவற்றில் பூஜை அலமாரிக்குக் கதவு செய்து தர வேண்டும் என்று பெரியம்மா கேட்டிருந்தார். ஒரே பலகையை இரண்டாகப் பிளந்து விரித்து ஒட்டினால், இரண்டு பக்கமும் ரேகை ஒன்றுக்கொன்று கண்ணாடி போல வரும். ஒரு பலகைக்கு ஒரு கதவு. மூன்றாவது கைவசம் இருக்கட்டும் என்பது திட்டம். இப்போது அந்தக் கைவசம் காலி.

மெஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோவையில் ஒரு பட்டறையை மூடும்போது விலைக்கு வந்த பழைய பேண்ட்சா, அதாவது மேலும் கீழும் உள்ள இரண்டு சக்கரங்களில் பெல்ட் போல மாட்டிய பிளேடு ஓடி அறுக்கும் மெஷின். சக்கரம் 14 அங்குலம். மேசைக்கு மேல் ஆறு அங்குல உயரம்வரை அறுக்கலாம். பிளேடின் மொத்தச் சுற்றளவு தொண்ணூற்று மூன்றரை அங்குலம், அதாவது ஏறக்குறைய 2,375 மி.மீ. இந்த 14 அங்குல மாடல் உலகெங்கும் ஒரே அச்சில் வார்த்தது போலத்தான் இருக்கும். மேல் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு திருகு, ஒரு சுருள் ஸ்பிரிங், பக்கத்தில் ஒரு அளவுகோல். திருகைச் சுற்றினால் ஸ்பிரிங் அமுங்கும், சக்கரம் மேலே தூக்கும், பிளேடு இறுகும். அளவுகோலில் கால், அரை, முக்கால் என்று பிளேடின் அகலங்களைப் பொறித்திருப்பார்கள். முள்ளை அரைக்குக் கொண்டுவந்தால் அரை அங்குல பிளேடுக்குச் சரியான டென்ஷன் என்று பொருள். அப்படித்தான் நானும் நம்பினேன்.

மரவேலை தெரிந்த யாரிடம் கேட்டாலும், பலகை வயிறு தள்ளினால் சொல்லும் முதல் மருந்து "டென்ஷன் பத்தலை". ஒரு வாரம் வீட்டில் என் பேச்சு முழுக்க டென்ஷன்தான். தமிழில் அறுவை, ரம்பம், பிளேடு மூன்றுக்கும் ஒரே பொருள்தான் என்பதை மனைவி அந்த வாரம் எனக்கு இரண்டு முறை நினைவூட்டினார்.

பலாவைத் தொட மனம் வராமல், சில்வர் ஓக் துண்டுகளை வைத்து ஒத்திகை பார்த்தேன். முள்ளை முக்காலுக்கு ஏற்றினேன். வயிறு கொஞ்சம் குறைந்தது போலத் தெரிந்தது. இன்னும் இரண்டு சுற்று. அப்புறம் இன்னும் ஒன்று. நாலாவது துண்டு பாதி போயிருந்தபோது பட்டென்று ஒரு சத்தம். வெடி மாதிரி. பிளேடு மெஷினுக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. மூடிகள் போட்டிருந்ததால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எடுத்துப் பார்த்தால் வெல்டு வைத்த இடத்தில் அறுந்திருந்தது.

பேண்ட்சாவின் சரித்திரமே இந்த ஒட்டு விழுகிற இடத்தின் சரித்திரம்தான். லண்டனில் வில்லியம் நியூபெரி என்பவர் 1808-லேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். முடிவே இல்லாத ஒரு இரும்புப் பட்டையை இரண்டு சக்கரங்களில் மாட்டி ஓட்டுவது. யோசனையில் பழுதில்லை. சக்கரத்தின் மேல் வளைந்து வளைந்து ஓடும்போது ஒட்டு மட்டும் நிற்கவில்லை. அந்த ஒட்டைச் சரியாகப் போடும் முறைக்கு 1846-ல் காப்புரிமை பெற்றவர் ஆன் போலின் கிரெப்பின் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. பாரிஸில் பெரின் கம்பெனி அந்த உரிமையை வாங்கிய பிறகுதான் பேண்ட்சா என்பது வேலைக்கு ஆகிற மெஷினாக மாறியது. நடுவில் ஏறக்குறைய நாற்பது வருடம் ஒரு ஒட்டுக்காகக் காத்திருந்திருக்கிறது. நான் நாலு துண்டில் பொறுமை இழந்தேன்.

சரி, புது பிளேடு வாங்கப் போனேன். கோவையில் பேண்ட்சா பிளேடு கேட்டால் யாரும் மரத்தை நினைக்க மாட்டார்கள். ஊர் முழுக்க லேத் பட்டறை. கம்பியும் ராடும் அறுக்கிற பேண்ட்சாதான் தெருவுக்கு இரண்டு ஓடும். கடைக்காரர் நீளத்தைக் கேட்டார், சுருளிலிருந்து வெட்டினார், வெல்டு வைத்துக் கையில் கொடுத்தார். 27 மி.மீ. அகலம், 0.9 மி.மீ. கனம், பைமெட்டல். முதுகு ஸ்பிரிங் ஸ்டீல், பல்லின் விளிம்பு ஹைஸ்பீடு ஸ்டீல். "இரும்பையே அறுக்கும் சார், மரம் எம்மாத்திரம்" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அகலமான பிளேடு, கனமான பிளேடு, எப்படி வளையும்?

நான் சம்பளம் வாங்குவது ஒரு பம்பு கம்பெனியின் டிசைன் பிரிவில். இரும்பு எவ்வளவு இழுத்தால் எவ்வளவு நீளும் என்று நாள் முழுக்கக் கணக்குப் போடுவதுதான் பிழைப்பு. அந்தக் கணக்கை வீட்டுக் கொட்டகையில் போட வேண்டும் என்று அதுவரை எனக்குத் தோன்றவில்லை.

போட்டிருந்தால் இப்படி இருந்திருக்கும். கார்பன் ஸ்டீல் பிளேடுகளுக்கு வழக்கமாகச் சொல்லும் இழுப்பு சதுர அங்குலத்துக்கு 15,000 முதல் 20,000 பவுண்டு. நம் அளவில் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் பத்தரை முதல் 14 கிலோ. கைக்கணக்குக்குப் பத்து என்றே வைத்துக்கொள்வோம். என் பழைய பிளேடு அரை அங்குல அகலம், 0.6 மி.மீ. கனம், குறுக்குவெட்டு ஏழரை சதுர மில்லிமீட்டர். ஒரு பக்கத்துக்கு 75 கிலோ. சக்கரத்தின் இரண்டு பக்கமும் பிளேடு இறங்குவதால் மேல் சக்கரத்தை ஸ்பிரிங் 150 கிலோ விசையில் தூக்கிப் பிடிக்க வேண்டும். அது இந்த ஸ்பிரிங்குக்கு முடிகிற வேலை. புது பிளேடின் குறுக்குவெட்டு 24 சதுர மில்லிமீட்டருக்கு மேல். அதே பத்து கிலோ கணக்கில் 480 கிலோ. பைமெட்டலுக்கும் மிகக் கடினமான கார்பைடு பல் வைத்த பிளேடுக்கும் 25,000 பவுண்டு சிபாரிசு செய்வார்கள். அப்படிப் பார்த்தால் 800 கிலோவைத் தாண்டிவிடும். அதைத் தாங்கும் சட்டம் பெரிய மெஷின்களில் உண்டு. என்னுடையதில் இல்லை.

இது தெரியாமல் நான் திருகைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இனி அமுங்க இடமில்லாமல் நின்ற பிறகும் ஒரு கால் சுற்று. மெஷினின் கழுத்து முனகியது. பிளேடு மட்டும் விரலால் தள்ளினால் கொழகொழவென்று ஆடியது.

கனத்தின் கதை இன்னும் மோசம். பிளேடுக்கு நாம் கொடுக்கும் இழுப்பு ஒரு பங்குதான். சக்கரத்தில் வளையும்போது அதன் வெளிப்பக்கம் தானாகவே இழுபடுகிறது. எவ்வளவு என்று பார்க்க, கனத்தைச் சக்கரத்தின் விட்டத்தால் வகுத்து 20,000-ஆல் பெருக்கினால் போதும். 0.6 மி.மீ. பிளேடுக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 34 கிலோ. 0.9 மி.மீ.க்கு 50. நாம் திருகைச் சுற்றிக் கொடுப்பது பத்தோ பன்னிரண்டோ. சக்கரம் சத்தமில்லாமல் அதைப் போல மூன்று, நாலு மடங்கு கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதுவும் ஒரு தடவையா? பிளேடு நொடிக்கு 15 மீட்டர் ஓடுகிறது. 2,375 மி.மீ. சுற்றளவு என்றால் நொடிக்கு ஆறு சுற்றுக்கு மேல், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு வளைவு. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 45,000 தடவை வளைந்து நிமிர்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கிற அதே வேலைதான். சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் கனம் கூடாது என்று பழைய விதி ஒன்று உண்டு. அதன்படி 14 அங்குலத்துக்கு 0.36 மி.மீ.தான். அவ்வளவு கறாராக யாரும் இருப்பதில்லை, 0.5, 0.6 சகஜம். 0.9 என்பது பிளேடை நாமே கொலை செய்வது.

அந்தப் பைமெட்டல் பிளேடில் அறுத்த சில்வர் ஓக்கும் வயிறு தள்ளியது. போதாக்குறைக்குக் கருகியும் இருந்தது.

பலாவை அறுத்துக் கொடுத்த மில்லுக்கே போய்விடலாம் என்று கிளம்பினேன். மீதி இரண்டு பலகைகளையும் அங்கேயே பிளந்து வாங்கிவிட்டால் கௌரவம் போகும், கதவு வரும். மில்லில் பிளேடுகளுக்குக் கூர் போடுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். எழுபதை நெருங்குகிற வயது. வயிறு தள்ளிய பலகையையும் என் இரண்டு பிளேடுகளையும் கொண்டுபோய்க் காட்டினேன். பலகையை அவர் பார்க்கவேயில்லை. பிளேடின் பல் மேல் கட்டைவிரலை ஓட்டினார்.

"தம்பி, பல்லு எதுக்குங்க?"

"அறுக்கறதுக்கு."

"பல்லுக்கும் பல்லுக்கும் நடுவால இருக்கற பள்ளம்?"

நான் முழித்தேன்.

"அதுதானுங்க சாக்கு. அறுத்த தூளை அள்ளிப் போட்டு வெளிய கொண்டாந்து கொட்டோணும். உங்க பிளேடுல பல்லு நெறைய இருக்குது, சாக்கு இல்லீங்க. தூளு எங்க போகும்?"

பின்னால் மில்லின் பெரிய பேண்ட்சா ஓடிக்கொண்டிருந்தது. ஆள் உயரத்தில் பாதிக்கு மேல் வரும் சக்கரங்கள். உள்ளங்கை அகல பிளேடு. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இரண்டு விரல் வைக்கலாம். அத்தனை பெரிய மெஷினுக்கு இவ்வளவு கொஞ்சம் பற்களா என்று இதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை.

என் முதல் பிளேடில் அங்குலத்துக்கு ஆறு பல். மெல்லிய பலகையில் வளைவு நெளிவு வெட்டுவதற்கு அது நல்ல பிளேடு. ஆனால் பிளப்பது வேறு வேலை. ஐந்தரை அங்குல மரத்துக்குள் நுழைகிற ஒரு பல், மேலிருந்து கீழே வெளியே வரும்வரை தான் சுரண்டிய தூளைத் தன் முன்னால் இருக்கும் பள்ளத்திலேயே வைத்திருந்தாக வேண்டும். நடுவில் இறக்கி வைக்க இடம் கிடையாது. அங்குலத்துக்கு மூன்று பல்லுக்குப் பதிலாக ஆறு பல் என்றால், ஒவ்வொரு பல்லுக்கும் சுமை பாதியாகிறது, உண்மைதான். ஆனால் பள்ளம் நீளத்திலும் பாதி, ஆழத்திலும் பாதி. அதன் பரப்பு கால்தான். சுமை பாதி, சாக்கு கால். போதாததற்கு மரம் தூளானதும் பல மடங்கு உப்பும்.

சாக்கு நிரம்பியதும் மிச்சத் தூள் பிளேடுக்கும் மரத்துக்கும் நடுவே பக்கவாட்டில் பிதுங்குகிறது. அங்கே தேய்கிறது, சூடாகிறது. அதோடு பல் ஒவ்வொன்றும் ஒரு முடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் கடிக்காமல் வெறுமனே உரசிக்கொண்டு போகிறது. அதுவும் சூடு. பிளேடின் பல் விளிம்பு முதுகைவிட அதிகம் சூடாகி நீள்கிறது. நீண்ட விளிம்பு தொய்கிறது. நானோ வேலை நகரவில்லையே என்று பலகையை இன்னும் அழுத்தித் தள்ளுகிறேன். மேலே கைடு என்கிற பிடிமானம் பிளேடை விலகாமல் பிடித்திருக்கிறது, கீழே மேசைக்கடியில் இன்னொரு கைடு. இரண்டுக்கும் நடுவில் பிளேடு போக்கிடம் தேடி ஒரு பக்கமாக வளைகிறது. வயிறு வந்தது அப்படித்தான். கடைக்காரர் கொடுத்த இரும்பு பிளேடிலும் பல் நெருக்கம்தான். இரும்பு அறுக்க அது தேவை.

"டென்ஷன் எவ்வளவு வெக்கோணுமுங்க?" என்று அவரிடம் கேட்டேன். அவர் புரிந்துகொண்டது வேறு. மில்காரர்களுக்கு டென்ஷன் என்பது திருகில் இருப்பதில்லை, பிளேடுக்குள்ளேயே இருப்பது. உருளைகளுக்கு நடுவே பிளேடைக் கொடுத்து அதன் நடுப்பகுதியை மட்டும் நீளவாக்கில் நசுக்கி மிகச் சிறிதளவு நீள வைக்கிறார்கள். நடு நீண்டால் இரண்டு விளிம்புகளும் ஒப்பளவில் குட்டையாகி, மாட்டி இழுக்கும்போது விறைப்பு முழுக்க விளிம்புக்குப் போகிறது. பல் சூடேறி நீண்டாலும் தொய்யாது. பெரியவர் ஒரு பிளேடை லேசாக வளைத்துப் பிடித்து, குறுக்கே ஸ்கேலை வைத்து, அடியில் தெரியும் வெளிச்சத்தைக் காட்டினார். நடுவில் பிறை மாதிரி ஒரு கீற்று. அந்தக் கீற்றின் கனத்தைக் கண்ணால் பார்த்தே இன்னொரு ஓட்டு ஓட்டலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார். எங்கள் கம்பெனியில் இதற்கு லேசர் வைத்திருப்பார்கள்.

பலகைகளைப் பிளந்து தரக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்து வாங்கிய பிளேடை மரத்துக்கென்றே விற்கும் இடத்தில் சொல்லி வைத்து வாங்கினேன். அரை அங்குல அகலம், 0.6 மி.மீ. கனம், அங்குலத்துக்கு மூன்று பல். கொக்கிப் பல், அதாவது பல்லின் முகம் நேராக நிற்காமல் முன்பக்கம் சுமார் பத்து டிகிரி சாய்ந்து, மரத்தைத் தன் பக்கம் இழுத்துக் கடிக்கும். முக்கால் அங்குலம் வாங்கியிருக்கலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். முன்னாலிருந்து தள்ளும் தள்ளலுக்கு எதிரான விறைப்பு அகலத்தின் மூன்றாம் அடுக்கில் (அகலம் × அகலம் × அகலம்) ஏறும். ஒன்றரை மடங்கு அகலம் என்றால் மூன்று மடங்குக்கு மேல் விறைப்பு. ஆனால் அந்த அகலத்தை என் மெஷின் முழுசாக இழுத்துப் பிடிக்காவிட்டால் அந்த விறைப்பில் பாதி ஏட்டில்தான். 14 அங்குல மெஷினுக்கு நன்றாக இழுபட்ட அரை அங்குலம், தொய்ந்த முக்காலைவிட மேல் என்பது என் கட்சி. எதிர்க்கட்சியும் பலமாகவே இருக்கிறது.

பிளேடின் உலோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பலா, வேம்பு, சில்வர் ஓக் இவற்றுக்குப் பல் மட்டும் கடினப்படுத்திய சாதா கார்பன் பிளேடு போதும். மலிவு, மழுங்கினால் சின்னக் கல் பொருத்திய கிரைண்டரால் தீட்டலாம். அரம் வழுக்கும், அந்தப் பல் அரத்தின் கடினத்துக்குச் சமம். தேக்கு விஷயம் வேறு. அதில் சிலிக்கா இருக்கிறது. மணலை அறுப்பது போல. கார்பன் பல் சீக்கிரம் மொட்டையாகிவிடும். தினமும் தேக்கு பிளக்கிறவருக்குக் கார்பைடு பல் பிளேடின் விலை நியாயமாகவே படும். எனக்கு இல்லை.

புது பிளேடை மாட்டி, முள்ளை அரையில் நிறுத்தி, அதாவது முதல் பலகையைக் கெடுத்த அதே டென்ஷனில், ஒரு சில்வர் ஓக் துண்டைத் தள்ளினேன். சத்தமே மாறியிருந்தது. கீச்சுக் குரல் போய்ச் சரசரவென்று ஒரு பேச்சு. அடியில் விழுந்தது மாவு இல்லை, சிறு சிறு துருவல். பிரித்துப் பார்த்தேன். ஓரத்தில் 12, நடுவில் 12.

இத்தனை நாள் திருகைச் சுற்றியதெல்லாம் எதற்கு?

அன்றைக்கே பலாவை எடுத்திருப்பேன். நல்லவேளை, இன்னும் நாலைந்து துண்டுகளை அறுத்தேன். மூன்றாவது துண்டிலிருந்து மெல்ல மெல்ல வயிறு திரும்பி வந்தது. கொஞ்சம்தான், ஒரு மி.மீ. பிளேடு ஆறியதும் மறுபடி நேர். சூடானதும் மறுபடி வயிறு. ஆகவே டென்ஷனிலும் ஏதோ இருக்கிறது. இந்த முறை அளந்தே பார்ப்பது என்று உட்கார்ந்தேன்.

கருவி எளிது. இரண்டு சின்ன மரக்கட்டைகளைப் பிளேடின் மேல் 200 மி.மீ. இடைவெளியில் கிளாம்பு போட்டுப் பிடிக்க வேண்டும். ஒரு கட்டையில் டயல் கேஜ், அதாவது மிகச் சிறிய நகர்வையும் முள்ளால் காட்டும் அளவி. மற்ற கட்டையிலிருந்து ஒரு கம்பி வந்து கேஜின் முனையைத் தொடும். பிளேடு சக்கரத்தில் நிற்கிற அளவுக்கு மட்டும் இறுக்கி முள்ளைப் பூஜ்யத்தில் வைத்து, பிறகு திருகைச் சுற்ற வேண்டும். கட்டைகளுக்கு நடுவில் பிளேடு நீள்வதைக் கேஜ் காட்டும். இரும்பு சதுர மில்லிமீட்டருக்குப் பத்து கிலோ இழுப்பில் தன் நீளத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நீளும். 200 மி.மீ.க்கு 0.1 மி.மீ. மி.மீ.யில் நூறில் ஒரு பங்கைக் காட்டும் டயலில் சரியாகப் பத்துக் கோடு. பிளேடு எந்த அகலமானாலும் எந்தக் கனமானாலும் இதே பத்துக் கோடுதான்; அதுதான் இந்த முறையின் அழகு. இதையெல்லாம் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுச் செய்யுங்கள். கட்டையோடு மெஷினை ஓட விட்டால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

மெஷினின் அளவுகோல் அரையைக் காட்டியபோது என் டயல் காட்டியது ஐந்து கோடு. பாதி. முக்காலுக்கு ஏற்றினேன், ஏழு. எட்டை நெருங்கும்போது ஸ்பிரிங் முழுக்க அமுங்கி நின்றுவிட்டது. கழற்றி மேசையில் வைத்தேன். பக்கத்துத் தெரு வெல்டிங் பட்டறையில் அதே மாதிரி மெஷின் உண்டு. அவர்களிடம் ஸ்பிரிங்கின் உயரம் கேட்டு ஒப்பிட்டேன். என்னுடையது ஒரு விரற்கடை குள்ளம். இத்தனை வருட உழைப்பு பாதி, 27 மி.மீ. பிளேடை மாட்டி நான் போட்ட முறுக்கு மீதி.

சுருள்கள் ஒட்டிப்போன ஸ்பிரிங் ஒரு இரும்புக் கட்டைக்குச் சமம். பிளேடு 30 டிகிரி சூடேறினால் மீட்டருக்கு 0.36 மி.மீ. நீளும். நாம் பத்து கிலோ இழுப்பில் நீட்டியிருப்பதே மீட்டருக்கு அரை மி.மீ.தான். ஸ்பிரிங் உயிரோடு இருந்தால் பிளேடு நீள நீளச் சக்கரத்தை அரை மி.மீ.க்கும் குறைவாக மேலே தூக்கிக்கொண்டே வரும். டென்ஷனில் பெரிய மாற்றம் இருக்காது. கட்டையாகிவிட்டால், மெஷினின் சட்டம் கொஞ்சம் வளைந்து கொடுப்பது போக, கொடுத்த டென்ஷனில் பெரும்பங்கு சூட்டோடு போய்விடும். முள் அரையில் நின்றபோது கிடைத்ததோ பாதி டென்ஷன்; சூட்டில் நீண்ட பல் விளிம்பு தொய்ய அதுவே போதும். மூன்றாவது துண்டில் வயிறு திரும்பி வந்தது அதனால்தான். திருகை ஏற்றிச் சரிசெய்யலாம் என்றாலோ ஸ்பிரிங் கட்டையாகி நின்றுவிடும். டென்ஷன் டென்ஷன் என்று நான் சுற்றிய சுற்றில் டென்ஷன் கொடுக்கிற உறுப்பையே கொன்றிருக்கிறேன்.

ஸ்பிரிங் சுற்றித் தருகிற பட்டறைக்குக் கோவையில் பஞ்சமில்லை. கொஞ்சம் கூடுதல் கனமுள்ள கம்பியில் ஒன்று சுற்றி வாங்கினேன். இப்போது டயலில் பதினொரு கோடு வரும்போதும் சுருள்களுக்கு நடுவில் ஒரு தபால் கார்டு தாராளமாக நுழைகிறது. அந்த இடத்தில் அளவுகோலின் பக்கத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டேன். தொழிற்சாலையில் பொறித்த எழுத்துகளை இனி நான் பார்ப்பதில்லை.

டயல் கேஜ் இல்லாதவர்கள் செய்கிற முறை ஒன்று உண்டு, மோசமில்லை. கைடுகளைப் பின்னால் தள்ளிவிட்டு, மெஷினை ஓடவிட்டு, பிளேடு படபடவென்று ஆடத் தொடங்கும்வரை திருகைத் தளர்த்துவது. பிறகு ஆட்டம் நிற்கும்வரை இறுக்கி, அதன் மேல் இன்னும் கொஞ்சம். தந்தி மாதிரி விரலால் சுண்டிச் சத்தம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். எனக்குச் சுருதி கிடையாது. வேலை முடிந்ததும் திருகை மூன்று சுற்றுத் தளர்த்திவிடுகிறேன். பிளேடுக்காக இல்லை, ஸ்பிரிங்குக்காகவும் சக்கரத்தின் ரப்பருக்காகவும்.

மற்றதெல்லாம் சில்லறை வேலைகள். பல்லின் பள்ளம் சக்கரத்தின் நடு மேட்டில் உட்காரும்படி பிளேடை வைத்தால், அது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும் குணம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. மேல் கைடை மரத்துக்கு ஒரு விரல் உயரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். பலகை சாய்ந்து நிற்கும் தடுப்பு, பலகை அளவுக்கு உயரமாக இருந்தால் நல்லது. பல்லில் ஒட்டும் பிசினை மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல் துலக்கும் பிரஷ் எடுத்துவிடும்.

பலாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அறுத்தேன். ஒரு பலகைக்கு நாலு நிமிடம் எடுத்துக்கொண்டேன், அவசரப்படவில்லை. கொட்டகைத் தரை முழுக்க மஞ்சள் பொடி கொட்டியது போல ஆனது. பிக்குகளின் அங்கிக்குச் சாயம் கொடுத்த மரம் அல்லவா. என் வேட்டியில் பட்டது இரண்டு சலவைக்கும் போகவில்லை. பிரித்த நாலு ஏடுகளையும் அளந்தேன். எங்கே வைத்தாலும் 11.7-க்கும் 12.1-க்கும் நடுவில். நடுவே குச்சிகள் வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றி மூன்று வாரம் விட்டேன். பிளந்த பலகை உள் ஈரம் காயும்போது தன் பங்குக்கு ஒரு வளைவு வளைந்து பார்க்கும். பிறகு ஒட்டி, இழைத்து, 8 மி.மீ.க்குக் கொண்டுவந்து சட்டத்தில் ஏற்றினேன்.

அலமாரியை மாட்டிய அன்று பெரியம்மா கதவைத் தடவிப் பார்த்தார். திருப்திதான். அப்புறம் வண்டியின் பின் இருக்கையில் கிடந்த முதல் பலகையின் பாதியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன கண்ணு, வயிறு தள்ளிட்டு இருக்குது?"

சொன்னேன். பல், பள்ளம், சாக்கு, ஸ்பிரிங், எல்லாம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டே உள்ளே போனவர், குழவிக் கல் மாதிரி நடுவில் கனமாக இருப்பதால் காற்றுக்கு நகராது என்று சொல்லி, இட்லி மாவுப் பாத்திரத்தின் மேல் அதை மூடியாக வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.